திறந்து காட்டிய துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ரேஞ்சில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல்முறையாகப் பத்து அடித்தான். கிளப்புக்குச் சொந்தமான ஏர் ரைபிள், 10 மீட்டர் தூரம். கம்பியில் ஓடிவந்த அட்டையைப் பார்த்தவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாங்காதுதான். ஏர் ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஊசியால் குத்தின அளவு. ரைபிளைக் கையில் பிடித்தபடியே "அப்பா, பத்து!" என்று கத்திக்கொண்டு பின்னால் திரும்பிவிட்டான். குழல்முனை எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகத் தாண்டிப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"ஸ்டாப்" என்று கோச் சொன்னதும் எல்லாரும் கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் வந்தோம். பையனை யாரும் திட்டவில்லை. பக்கத்து லேனில் சுடும் பெரியவர், ரிட்டையர் ஆன தபால்காரர், அவனிடம் போய் உள்ளங்கையைக் குழலுக்கு அடியில் கொடுத்து, மெதுவாக அட்டைப் பக்கமே திருப்பிவிட்டார். லீவரைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று அவனுக்கே காட்டினார். அப்புறம்தான் பேசினார். "கண்ணு, சந்தோசம் வந்தா மொதல்ல துப்பாக்கிய கீழ வையி. அப்பறம் திரும்பு. அப்பா எங்கயும் போயிட மாட்டாரு."

பையன் முகம் செத்துப்போனது. ஆனால் அடுத்த அரைமணி நேரத்தில் அவன் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் கீழே வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, அப்புறம்தான் திரும்பினான். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்றே இருந்தது.

நான் தர்மபுரிக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழு வருஷமாக வாரக் கடைசியில் பஸ் ஏறி, தொப்பூர் கணவாயைத் தாண்டி, சேலம் பக்கம் ஒரு ரைபிள் கிளப்புக்குப் போய் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். துப்பாக்கி சுடுகிறேன் என்று சொன்னாலே எங்கள் ஊரில் ஒரு பார்வை வரும். அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வளர்ந்த காலத்தில் துப்பாக்கி என்றால் ஒன்று வீரப்பன், இல்லையென்றால் அதிரடிப்படை. 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி பக்கம் பாடியில் அந்தக் கதை முடிந்தது. முடிகிறவரை எங்கள் மலையோர ஊர்களில் துப்பாக்கியைப் பற்றி வாய்விட்டுப் பேசியவர்கள் குறைவு. விளையாட்டுக்குச் சுடலாம் என்பது யார் மனதிலும் வராது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. என் அம்மாவின் அப்பா பென்னாகரம் பக்கம் மானாவாரிக் கொல்லை வைத்திருந்தார். ராகி, நிலக்கடலை. கடலை காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் கொல்லை உழுத மாதிரி ஆகிவிடும். அதற்காக வாங்கின லைசென்ஸ் துப்பாக்கி அது. ஒற்றைக்குழல், வாய்வழியாகக் கெட்டிக்கிற வகை. கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்து, கம்பியால் குத்தி, பால்ரஸ் போட்டு, மறுபடி நார் வைத்துக் குத்த வேண்டும். சுட்டதைவிட வெடி போட்டு விரட்டியதே அதிகம் என்பார் தாத்தா.

இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கவே முடியாது. போல்ட் கிடையாது, லீவர் கிடையாது. கெட்டித்து வைத்தது பத்து நாள் கழித்தும் வெறுங்குழல் மாதிரியேதான் சுவரில் தொங்கும். அதனால் தாத்தா அந்தக் கம்பியில் கத்தியால் இரண்டு கோடு கீறி வைத்திருந்தார். வெறுங்குழலுக்குள் விட்டால் மேல் கோடு வரை இறங்கும். மருந்து இருந்தால் கீழ்க் கோட்டோடு நின்றுவிடும். வீட்டுக்கு யார் வந்தாலும், சொந்தக்காரர் ஆனாலும் தரகர் ஆனாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் துப்பாக்கியை இறக்கி, வாயைக் கூரைப் பக்கம் தூக்கி, கம்பியை விட்டு, "பாத்துக்கோங்க, வெறுங்குழலு" என்று காட்டிவிட்டு மாட்டுவார். எலெக்‌ஷன் வந்தால் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் சாக்கில் இருப்பது என்ன என்று அவராகவே சொல்லிவிடுவாராம்.

அது என்ன பழக்கம் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தது என்.சி.சி.

1998-ல் நான் கல்லூரியில் படிக்கும்போது பத்து நாள் கேம்ப்பில் ஃபயரிங்குக்குக் கூட்டிப்போனார்கள். .22 ரைபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. மண்மேட்டுக்கு முன்னால் டார்கெட், ஓரத்தில் சிவப்புக் கொடி. குப்புறப் படுத்துச் சுட வேண்டும். கட்டளை எல்லாம் இந்தியில். சுட்டு முடித்ததும் ஹவில்தார் சார் "காலி கர்" என்பார், அப்புறம் "ஜாஞ்ச் சஸ்தர்". போல்ட்டைப் பின்னால் இழுத்துத் திறந்து வைக்க வேண்டும். அவர் ஒவ்வொருத்தியிடமும் வந்து குனிந்து, சேம்பருக்குள் பார்த்துவிட்டுத்தான் நகருவார். இருபது பேர் என்றால் இருபது முறை குனிவார். "நான்தான் பாத்துட்டேனே சார்" என்றாள் ஒரு பெண். "நீ பாத்தா உனக்கு நம்பிக்கை. எனக்குக் காட்டினாத்தாம்மா எனக்கு நம்பிக்கை" என்றார் அவர்.

தாத்தாவின் கம்பி எனக்கு அங்கேதான் ஞாபகம் வந்தது.

அதே கேம்ப்பில் இன்னொன்றும் நடந்தது. சுட்ட குண்டின் காலித் தோட்டாவை ஒன்று விடாமல் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறு ரவுண்டு வாங்கினால் நூறு காலித் தோட்டா. அன்று தொண்ணூற்று ஒன்பதுதான் இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் அத்தனை பேரும் முட்டி போட்டுப் புல்லைக் கையால் துழாவினோம். ஒரு பெண்ணின் சட்டை மடிப்புக்குள் விழுந்திருந்தது. அவள் அழுதுவிட்டாள். ஹவில்தார் சார் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை வாங்கி மற்ற தோட்டாக்களோடு போட்டுவிட்டு, "நூறு. போய் சாப்பிடுங்க" என்றார்.

இப்போது நான் போகும் கிளப்பில் இதே பழக்கத்துக்கு வேறு உருவம். எங்கள் ஏர் பிஸ்டல், ஏர் ரைபிள் எல்லாவற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயிறு செருகியிருக்கும். சேஃப்டி ஃப்ளாக் என்போம். உலகப் போட்டிகள் நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி, சுடக் கட்டளை வராத நேரம் முழுக்க அது துப்பாக்கியிலேயே இருக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கி என்றால் குழலின் முழு நீளத்துக்கும் ஓடி, முனையில் வெளியே தெரிய வேண்டும். நாங்கள் பாதிப் பேர் போட்டிருப்பது புல்வெட்டும் மெஷினுக்குப் போடுகிற நைலான் கயிறு. அந்த முனையில் ஆரஞ்சு நிறம் தெரிகிறது என்றால் உள்ளே குண்டு இல்லை, இருக்கவும் முடியாது. பார்க்கிறவன் கேட்கவே வேண்டாம். ரேஞ்சுக்குள் நுழைகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வணக்கம் அதுதான்.

"ஏர் ரைபிள்தானே, லைசென்ஸே வேண்டாமே" என்று சிலர் இதை இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை, உண்மைதான். ஆனால் போட்டி ரைபிளிலிருந்து கிளம்பும் ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் போகிறது. ஒரு கண்ணுக்கு அது போதும்.

பாதுகாப்பு ஒரு பக்கம். அதைத் தாண்டி ரேஞ்சில் இன்னொரு மரியாதை இருக்கிறது. அதை எந்தப் பலகையிலும் எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கலைக்காமல் இருப்பது.

ஏர் பிஸ்டலை ஒரே கையில்தான் பிடிக்க வேண்டும். ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் தூக்கி, இறக்கி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, ட்ரிகரை அழுத்துகிற அந்த ஏழெட்டு நொடியில் நமக்கு வேறு எந்த நினைப்பும் இருக்கக் கூடாது. மொத்தம் 60 குண்டு, 75 நிமிஷம். அந்த நேரத்தில் பக்கத்து லேன்காரர் ஜாக்கெட்டின் வெல்க்ரோவைச் சர்ரென்று பிரித்தால் போதும், என் கை இறங்கிவிடும். ரைபிள்காரர்களின் ஷூவுக்கு அடிப்பாகம் விறைப்பாக இருக்கும். மரப்பலகையில் நடந்தால் டொக் டொக் என்று கேட்கும். நன்றாகப் பழகினவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டாலும், பக்கத்தில் உள்ளவர் துப்பாக்கியைக் கீழே வைக்கிறவரை காத்திருந்து, அந்த இடைவெளியில்தான் வெல்க்ரோவைப் பிரிப்பார்கள், மெல்ல அடி வைத்து வெளியே போவார்கள். இதை ஒரு பதினாறு வயதுப் பெண் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் பத்து நிமிஷம் அப்படியே நின்றாள், என் தொடர் முடிகிறவரை.

பாராட்டும் தொந்தரவாகலாம். "அக்கா, கடைசி நாலும் பத்து!" என்று யாராவது காதில் சொன்னால் ஐந்தாவது நிச்சயமாக ஏழுதான். முடிந்த பிறகு சொல்லுங்கள், காபி வாங்கிக் கொடுத்தே சொல்லுங்கள்.

கிளப் துப்பாக்கியைப் பகிர்ந்து சுடுகிறவர்களுக்கு ஒன்று. பின்சைட்டை உங்கள் கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருகுவது உங்கள் உரிமை. ஆனால் எத்தனை கிளிக் மேலே, எத்தனை கிளிக் இடப்பக்கம் என்று நோட்டில் எழுதுங்கள், முடித்ததும் திருப்பி வையுங்கள். அடுத்து வரும் பிள்ளை தன் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மணி நேரம் அழாமல் இருக்கும். மேசையில் சிந்தின குண்டையும் எடுத்துவிடுங்கள். அது ஈயம். சுட்டு முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், பக்கத்தில் உள்ளவர்களுக்கும் நீட்டாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், பெண்ணாக. ஆரம்ப நாட்களில் நான் போன ஓர் இடத்தில், நான் கையைத் தூக்கினாலே யாராவது ஒருவர் பின்னால் வந்து நிற்பார். "மேடம், தோள இறக்குங்க", "மேடம், கால கொஞ்சம் அகட்டுங்க". ஒருவர் கேட்காமலே என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். கையில் குண்டு போட்ட பிஸ்டல் இருக்கும்போது. அவர்களுக்கு என்னைவிட நன்றாகச் சுட வரும் என்பது உண்மைதான். ஆனால் எனக்குக் கோச் இருந்தார். கேட்காத பாடமும் கேட்காத தொடுதலும் எங்கேயும் தப்பு. லைனில் நிற்கும் ஆளிடம் அது ஆபத்தும்கூட. இப்போது எங்கள் கிளப்பில் புதிதாக வரும் பெண் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இது: கோச்சைத் தவிர யார் பக்கத்தில் வந்தாலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "சார், நான் முடிச்சிட்டுப் பேசறேன்" என்று சொல்லலாம். சொன்னால் யாரும் கோபப்படக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் போட்டி. அட்டைக்கு ஐந்து குண்டு. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றபோது கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறேன், தெரியவில்லை. அடித்த குண்டு அருமையாகப் போனது. என் அட்டையில் ஓட்டையைக் காணோம். வலது லேனில் அரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ப்ளஸ் ஒன் பெண். அவள் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டுத் தன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் குற்றம் சொன்ன மாதிரி ஆகும் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு இரண்டு நொடி வாய் வரவில்லை; அந்த இரண்டு நொடி எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிறகு கையைத் தூக்கினேன். "சார், என் குண்டு ஏழாம் நம்பர் அட்டையில போயிடுச்சு." நடுவர் வந்து எந்த ஓட்டை என்று குறித்துக்கொண்டார். எனக்குப் பூஜ்யம். அதுதான் விதி. முடிந்ததும் அவள் வந்து, "நீங்க சொல்லலேன்னா நான் எண்ணி எண்ணியே கொழம்பியிருப்பேன்க்கா" என்றாள்.

இது எங்களை மாதிரிச் சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ், 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் இறுதிச் சுற்றில் மூன்று புள்ளி முன்னால் இருந்தார். கடைசிக் குண்டு ஒன்றுதான் பாக்கி. சுமாராக அடித்தாலே தங்கம். அவர் நின்றது இரண்டாம் லேன், சுட்டது மூன்றாம் லேன் டார்கெட்டை. பூஜ்யம். எட்டாம் இடத்துக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி ஆறுதல் சொல்ல வந்தவர்களில் செக் நாட்டு வீராங்கனை கதெரினா குர்கோவாவும் ஒருவர். 2007-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதே ஏதென்ஸில் சில நாள் முன்னால் எம்மன்ஸ் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வாங்கினார். அதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்னால் அவருடைய சொந்த ரைபிளை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்தியிருந்தார்கள். அந்தத் தங்கம் இரவல் ரைபிளில் வந்தது. ஒருவர் கெடுத்தார், ஒருவர் தன் ரைபிளைக் கொடுத்தார்.

நம் பக்கம் 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்குமார் சுட வந்திருந்தார். வெளியே கூடின கூட்டத்தைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவரால் நிறையப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு தெரியவந்தது, அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். உள்ளே சுடுகிறவர்களுக்கு அந்த நாளும் போட்டி நாள்தான் என்பதைப் பார்க்க வருகிறவர்களும் நினைக்க வேண்டும். போனை அணைத்துவிட்டு வாருங்கள். லைனுக்குப் பின்னால் உட்காருங்கள். குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் நாற்காலியை இழுக்காதீர்கள்.

இதையெல்லாம் நாகரிகம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 2021 டிசம்பர் 30 காலை, புதுக்கோட்டை மாவட்டம் பசுமலைப்பட்டியில் போலீஸ் ஃபயரிங் ரேஞ்சில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தப்பிப் போன குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோனான். ரேஞ்சுக்கு வெளியே இருக்கிறவனுக்கு நம் கட்டளை கேட்காது, நம் சிவப்புக் கொடி தெரியாது. அவன் முகம் நமக்கும் தெரியாது. பக்கத்து லேனில் நிற்பவருக்குக் கொடுக்கிற மரியாதை அந்த முகம் தெரியாதவனுக்கும் போய்ச் சேர வேண்டும். எங்கள் தபால்காரர் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் குழலைத் திருப்பிவிட்டதைப் பார்த்தபோது எனக்கு இந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது.

என் தாத்தா காலமான பிறகு அவர் துப்பாக்கியை லைசென்ஸோடு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். எங்கள் மலையோர ஊர்களில் இன்னமும் புதரிலும் கூரையிலும் கள்ளத் துப்பாக்கி ஒளிந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒளித்து வைத்ததை யாருக்கும் திறந்து காட்ட முடியாது. அதற்குள் மருந்து இருக்கிறதா என்று அந்த வீட்டுப் பிள்ளைக்கே தெரியாது. பன்றிக்கென்று கெட்டித்தது மனிதன்மேல் வெடித்த கதை நம் பக்கத்தில் எத்தனை! போலீசும் வனத்துறையும் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர் மூலமாகவாவது கொடுங்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஏர் கன் வாங்கிக் கொடுத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே கடைக்குப் போய், சேஃப்டி ஃப்ளாக்காகப் போடுவதற்குப் புல்வெட்டும் மெஷின் கயிறு, ஆரஞ்சு நிறத்தில், ஒரு மீட்டர் வாங்குங்கள். சில ரூபாய்தான் ஆகும். கயிறு குழலுக்குள் சுலபமாகப் போய்வர வேண்டும். இறுக்கமாக இருந்தால் அதைவிட மெல்லியதாகக் கேளுங்கள்.